கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு இரண்டு கணக்கு வேண்டும்

ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். ராயகிரியிலிருந்து ஒரு குடும்பம் அருவிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா நேரே அருவியின் கீழே போய் நிற்கிறார். அம்மா சற்றுத் தள்ளி நிற்கிறாள். பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு கடையோரமாக உட்கார்ந்துவிட்டாள். பையன் ஓடுவதும் வருவதுமாக இருக்கிறான்.

யார் அதிகமாக நனைந்தார்? கேட்கவே வேண்டாம். பார்த்தாலே தெரியும்.

ஆனால், நனைப்பது தண்ணீராக இல்லாமல் வேறு ஒன்றாக இருந்தால்? கண்ணுக்குத் தெரியாது. தொட்டால் ஈரம் இராது. வாசனை இல்லை. வலி இல்லை. அப்படி ஒன்று உடம்பின் மேல் பட்டுக்கொண்டே இருந்தால், யார் எவ்வளவு "நனைந்தார்" என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கதிர்வீச்சு அப்படிப்பட்டதுதான். அதன் நடுவே நின்று வேலை செய்து பிழைப்பவர்கள் நம் நாட்டில் ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் பட்ட கதிரைக் கணக்கிட இன்று கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அது நல்லதா? அதை நம்பலாமா? தொழிலாளிக்கு அதனால் என்ன லாபம்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்வது நல்லது.

யார் இந்தத் தொழிலாளிகள்?

கதிர் என்றதும் பலருக்குக் கூடங்குளம் ஞாபகம் வரும். அங்கே முதல் அணு உலை 2014 டிசம்பரிலும், இரண்டாவது உலை 2017 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ராயகிரியிலிருந்து கூடங்குளம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. "அது நமக்கு எங்கே?" என்று நினைக்கத் தோன்றும்.

அப்படி நினைப்பது சரியல்ல. கதிரோடு வேலை செய்பவர் அணு உலையில் மட்டும் இல்லை. தென்காசியிலும் ராஜபாளையத்திலும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாரே, அவர் கதிர்த் தொழிலாளி. இருதயக் குழாயில் அடைப்பு எடுக்கும் டாக்டரும், பக்கத்தில் நிற்கும் நர்ஸும் கதிர்த் தொழிலாளிகள். புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்யும் இடத்தில் இருப்பவரும் அப்படித்தான். பெரிய குழாய்களில் வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கதிரை விட்டுப் படம் பிடித்துப் பார்க்கிறவரும் அந்த இனத்தில் சேர்ந்தவரே.

மலையடிவாரத்து ஊர்களிலே பிறந்து, டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ படித்து, இந்த வேலைகளில் ஏதாவது ஒன்றுக்குப் போகும் பிள்ளைகள் எந்த ஊரிலும் இருக்கலாம். ஆகவே இது வீட்டுக்கு வீடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

கதிர் என்றாலே நடுங்க வேண்டியதில்லை. நாம் நடக்கிற மண்ணில் கொஞ்சம் கதிர் உண்டு. மலைக் கல்லில் உண்டு. மூச்சு விடும் காற்றிலும் உண்டு. வானத்திலிருந்தும் வருகிறது. உடம்பில் படும் கதிரை "மில்லி சீவர்ட்" என்ற அளவால் அளக்கிறார்கள். இயற்கையாக ஒரு மனிதன் மேல் படுவது, உலகச் சராசரிப்படி, வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். நெஞ்சில் ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்தால் படுவது இதிலே மிகச் சிறிய பங்குதான். டாக்டர் எழுதிக் கொடுத்த எக்ஸ்ரேயைப் பயந்துகொண்டு எடுக்காமல் விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆனால் தொழிலாளியின் கதை வேறு. நோயாளி ஒரு நாள் வந்து போகிறார். தொழிலாளி நாள்தோறும் அங்கே நிற்கிறார். சிறுதுளி பெருவெள்ளம் அல்லவா? அதனால்தான் அவருக்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

இந்தியாவில் அந்த வரம்பை வகுப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இது 1983-ல் ஏற்பட்டது. கதிர்த் தொழிலாளி ஒருவருக்கு ஐந்து வருஷத்தில் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட்தான் படலாம். எந்த ஒரு தனி வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கோ, இப்படிப்பட்ட வேலைகளால் வருஷத்துக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் படக் கூடாது.

வரம்பு கட்டியாகிவிட்டது. சரி. ஆனால் வரம்பைத் தாண்டியதா இல்லையா என்று சொல்ல அளவு வேண்டுமே! மரக்கால் இல்லாத களத்தில் நெல்லுக்குக் கணக்கு ஏது?

சட்டையில் குத்திய சாட்சி

இப்போது வழக்கத்தில் இருக்கும் மரக்கால், சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சிறு பேட்ஜ். "டி.எல்.டி. பேட்ஜ்" என்று சொல்லுவார்கள். மார்பின் மேல் குத்திக்கொள்ள வேண்டும். ஈய அங்கி போட்டுக்கொண்டு வேலை செய்தால் அங்கிக்கு உள்ளே இருக்க வேண்டும்.

அதற்குள்ளே மூன்று சிறு வில்லைகள் இருக்கின்றன. கால்சியம் சல்பேட் என்ற உப்பில் டிஸ்ப்ரோசியம் என்ற பொருளைத் துளி சேர்த்துச் செய்தவை அவை. கதிர் பட்டால் அதன் சக்தியை அந்த வில்லை பிடித்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறையோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ பேட்ஜைச் சோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே வில்லையைச் சூடாக்குகிறார்கள். உடனே அது ஒளிவிடுகிறது! எவ்வளவு ஒளி வந்ததோ அவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

எளிமையான சாதனம். விலையும் மலிவு. மின்சாரம் வேண்டாம். இந்தச் சேவையை நம் நாட்டில் வளர்த்தது பம்பாயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண் கொடுத்து, அவர் வாழ்நாளில் பட்ட கதிரை எல்லாம் தேசியப் பதிவேட்டில் சேர்த்து வைக்கிறார்கள்.

சாட்சி தவறுவது எப்போது?

ஆனால் இந்தச் சாட்சிக்குச் சில குறைகள் உண்டு.

முதல் குறை, அது பின்னால் சொல்லும் சாட்சி. இன்று பட்ட கதிரை அடுத்த மாதமோ மூன்று மாதம் கழித்தோதான் சொல்லும். பட்டது பட்டதுதான்.

இரண்டாவது குறை, அது மார்பில் மட்டும் இருக்கிறது. இருதயக் குழாயில் வேலை செய்யும் டாக்டருக்கு ஈய அங்கி மார்பை மறைக்கிறது. கண்ணை அது மறைக்காது. கையையும் மறைக்காது. நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர், குனிந்து பார்க்கும் அவர் முகத்துக்கு வருகிறது. உள்ளே இருக்கும் பேட்ஜுக்கு அது தெரியவே தெரியாது. கண்ணின் வில்லையில் கதிர் பட்டால் காலப்போக்கில் புரை விழலாம். முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே அது நேரலாம் என்று தெரிந்தது. அதனால் 2011-ல் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்புக் கமிஷன், தொழிலாளியின் கண்ணுக்கு இருந்த 150 மில்லி சீவர்ட் வரம்பை, ஐந்து வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20-ஆகக் குறைக்கும்படி சிபாரிசு செய்தது.

மூன்றாவது குறைதான் பெரிய குறை. பேட்ஜ் தானாகப் போய்ச் சட்டையில் ஏறாது. மனிதன்தான் குத்திக்கொள்ள வேண்டும். அவசரத்தில் மறந்து போகலாம். மேஜை இழுப்பறையில் கிடக்கலாம். வேண்டுமென்றே ஒளித்தும் வைக்கலாம்!

யாராவது அப்படிச் செய்வார்களா? செய்தார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்து புகுஷிமா அணு நிலையம் நாசமாயிற்று. அளக்கும் மீட்டர்களில் பெரும்பாலானவை வெள்ளத்தில் பாழாயின. முதல் நாட்களில் ஒரு குழுவுக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் பலர் உள்ளே போய் வேலை செய்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் இன்னொரு கூத்து நடந்தது. ஒரு துணைக் காண்டிராக்ட் கம்பெனியின் அதிகாரி, தம் ஆட்களின் மீட்டர்களை ஈயத் தகட்டால் மூடச் சொன்னார். மீட்டரில் அளவு குறைந்தால்தான் அதிக நாள் வேலை செய்யலாம். காண்டிராக்டும் நிலைக்கும் என்பது அவர் எண்ணம். விஷயம் 2012-ல் அம்பலமாயிற்று.

மீட்டரை ஈயம் காப்பாற்றியது. மனிதனை யார் காப்பாற்றுவது?

வேலை பறிபோகும் என்ற பயம் ஜப்பானுக்கு மட்டும் சொந்தம் அல்ல. வயிற்றுப்பாடு எங்கேயும் ஒன்றுதான். அன்றாடம் கூலி வாங்குகிறவர், "உன் வரம்பு முடிந்துவிட்டது, நாளை முதல் உள்ளே வராதே" என்று கேட்கவே அஞ்சுவார். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தாயக்கட்டையும் கம்ப்யூட்டரும்

பேட்ஜ் இல்லாமல் கம்ப்யூட்டர் எப்படிக் கணக்கிடுகிறது?

மறுபடி அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யார் எத்தனை அடி தள்ளி, எத்தனை நிமிஷம் நின்றார், குடை இருந்ததா என்பது தெரிந்தால், யார் எவ்வளவு நனைந்திருப்பார் என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போடலாம் அல்லவா?

கதிருக்கும் இதே மூன்று விஷயங்கள்தான்: நேரம், தூரம், மறைப்பு. பாதி நேரம் நின்றால் பாதி கதிர். சிறிய பொருள் ஒன்றிலிருந்து கதிர் வந்தால், இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால் கதிர் பாதி அல்ல, கால் பங்காகக் குறையும். நடுவில் ஈயமோ சுவரோ இருந்தால் இன்னும் குறையும்.

ஆனால் கதிர் நேராக மட்டும் போவதில்லை. சுவரில் பட்டுத் திரும்பும். உடம்பில் பட்டுச் சிதறும். ஒவ்வொரு கதிர்த் துகளும் எங்கே திரும்பும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு விஞ்ஞானி விளையாட்டிலிருந்து வழி கண்டுபிடித்தார்.

அவர் பெயர் ஸ்டானிஸ்லாவ் உலாம். போலந்திலிருந்து வந்து அமெரிக்காவில் வேலை செய்தவர். 1946-ல் நோயில் கிடந்து தேறி வரும்போது, பொழுது போகத் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். "இந்த ஆட்டம் எத்தனை தடவைக்கு ஒரு தடவை கைகூடும்?" என்று யோசித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தார்; தலை சுற்றியது. "ஏன் கணக்குப் போட வேண்டும்? நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் போகிறது!" என்று தோன்றியது. தம் நண்பர் ஜான் வான் நியூமனிடம் சொன்னார். இருவரும் அதை அணுத் துகள்களுக்குப் பயன்படுத்தினார்கள். 1948-ல் "எனியாக்" என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு ஓடியது. சூதாட்டத்துக்குப் பேர்போன மாண்டி கார்லோ நகரத்தின் பெயரையே அந்த முறைக்கு வைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் அது தாயக்கட்டை உருட்டுவதுதான். ஒரு கதிர்த் துகள் கிளம்புகிறது. கம்ப்யூட்டர் தாயம் உருட்டுகிறது. நேரே போகிறதா, திரும்புகிறதா, நின்றுவிடுகிறதா? விழுந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறது. அடுத்த துகள்; மறுபடி தாயம். இப்படி லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் உருட்டிப் பார்த்து, எத்தனை துகள் மனிதன் உடம்பில் போய் நின்றது என்று எண்ணுகிறது. மனிதன் ஆயுள் முழுவதும் உருட்டினாலும் தீராததைக் கம்ப்யூட்டர் சில நிமிஷத்தில் முடித்துவிடும்.

அணுகுண்டு செய்த இடத்தில் பிறந்த கணக்கு இது. இன்று தொழிலாளியின் உடம்பைக் காக்க உதவுகிறது. கத்தி ஒன்றுதான், யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு மனிதன்

கணக்குப் போட ஓர் உடம்பு வேண்டுமே! அதையும் கம்ப்யூட்டருக்குள் செய்துவிட்டார்கள். 2009-ல் சர்வதேசக் கமிஷன் ஓர் ஆண் உருவத்தையும் ஒரு பெண் உருவத்தையும் வெளியிட்டது. ஆண் 176 சென்டிமீட்டர் உயரம், 73 கிலோ. பெண் 163 சென்டிமீட்டர், 60 கிலோ. உடம்பு முழுவதையும் லட்சக்கணக்கான சிறு கட்டங்களாக வகுத்து, இது ஈரல், இது நுரையீரல், இது கண் என்று குறித்திருக்கிறார்கள். இதனால் மார்பில் மட்டும் அல்ல, ஒவ்வோர் உறுப்பிலும் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்ல முடிகிறது.

ஐரோப்பாவில் 2018-ல் "போடியம்" என்ற திட்டம் தொடங்கியது. பெல்ஜியம் நாட்டு அணு ஆராய்ச்சி நிலையம் அதை முன்னின்று நடத்தியது. இருதய ஆபரேஷன் போன்ற வேலை நடக்கும் அறையில் ஒரு காமிரா வைத்தார்கள். டாக்டர் எங்கே நிற்கிறார், கையை எங்கே நீட்டுகிறார், எப்போது குனிகிறார் என்று அந்தக் காமிரா கவனிக்கிறது. எக்ஸ்ரே யந்திரம் எப்போது ஓடியது என்ற விவரமும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. இரண்டையும் சேர்த்து, அவர் கண்ணுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறது. சட்டையில் எதுவும் குத்த வேண்டியதில்லை!

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. வேலை தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். "இந்த வால்வைப் பழுது பார்க்க இரண்டு பேர் போக வேண்டும். இடது பக்கமாகப் போனால் இவ்வளவு கதிர். வலது பக்கமாகப் போனால் அதிலும் குறைவு. நடுவில் ஓர் ஈயத் தட்டி வைத்தால் இன்னும் குறைவு." இப்படி முதலிலேயே தெரிந்துவிட்டால், பட்ட பிறகு வருந்த வேண்டியதில்லை. பேட்ஜால் இதைச் செய்யவே முடியாது.

ஹிரோஷிமாவில் போட்ட கணக்கு

கணக்கால் ஒருவர் உடம்பில் பட்ட கதிரைச் சொல்ல முடியுமா என்று சந்தேகம் வரலாம். உலகத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்தபோது யார் சட்டையிலும் பேட்ஜ் இல்லை. தப்பிப் பிழைத்தவர்களை விஞ்ஞானிகள் பின்னால் தேடிப் போய் விசாரித்தார்கள். "அன்று எங்கே நின்றீர்கள்? வீட்டுக்குள்ளா, வெளியிலா? எந்தப் பக்கம் திரும்பி இருந்தீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஜப்பானிய மரவீடு எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்று தெரிந்துகொள்ள, 1962-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 465 மீட்டர் உயரமான கோபுரத்தில் கதிர் உண்டாக்கும் சாதனத்தை ஏற்றி, கீழே அதே மாதிரி வீடுகளைக் கட்டிப் பரீட்சை செய்தார்கள்.

இந்த விவரங்களை வைத்துத்தான் ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டார்கள். இன்று உலகம் முழுவதும் தொழிலாளிக்குக் கட்டியிருக்கும் வரம்புக்கு அந்தக் கணக்கு ஒரு முக்கிய ஆதாரம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1965-ல் போட்ட கணக்கு பிற்பாடு தவறு என்று தெரிந்தது. ஹிரோஷிமாவில் நியூட்ரான் என்ற துகளின் அளவை மிகையாக மதிப்பிட்டிருந்தார்கள். 1986-ல் கணக்கைத் திருத்தினார்கள். 2002-ல் மறுபடியும் செம்மைப்படுத்தினார்கள். உலகத்தின் தலைசிறந்த விஞ்ஞானிகள் போட்ட கணக்கே இருபது வருஷம் பிசகியிருந்தது என்றால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

கம்ப்யூட்டர் ஏமாறுவது எப்போது?

பேட்ஜை ஈயத்தால் ஏமாற்றலாம் என்று பார்த்தோம். கம்ப்யூட்டரை ஏமாற்ற ஈயம்கூட வேண்டாம். தவறான விவரம் ஒன்று போதும். கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், களத்திலிருந்து வந்த சீட்டில் மூட்டை எண்ணிக்கை பிசகினால், கணக்கும் பிசகத்தான் செய்யும்.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்ததைப் பார்ப்போம். கல்பாக்கத்தில், எரிந்து முடிந்த அணு எரிபொருளை மறுபடி பிரித்தெடுக்கும் ஆலை இருக்கிறது. 2003 ஜனவரி 21-ந்தேதி, அங்கே கழிவுத் தொட்டிகள் இருக்கும் பகுதியில் ஊழியர்கள் மாதிரி எடுக்கப் போனார்கள். கதிர் குறைந்த கழிவு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ஒரு வால்வு பழுதாகி, கதிர் மிகுந்த கழிவு அங்கே கலந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாது. எச்சரிக்கை செய்ய அந்த இடத்தில் கதிர் மானியும் இல்லை. ஆறு பேர் உடம்பில் வருஷ வரம்பைப்போலப் பல மடங்கு கதிர் பட்டது. எடுத்துவந்த மாதிரியைச் சோதித்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. விஷயம் பகிரங்கமாக வெளிவர மாதங்கள் ஆயின.

அன்றைக்கு அங்கே உலகத்திலேயே சிறந்த கம்ப்யூட்டர் இருந்து கணக்குப் போட்டிருந்தாலும் என்ன சொல்லியிருக்கும்? "கதிர் குறைந்த கழிவு, போகலாம், பயமில்லை" என்றுதான் சொல்லியிருக்கும்! அதற்குக் கொடுத்த விவரம் அப்படி. சுவரில் தொங்கும் ஒரு சாதாரணக் கதிர் மானிதான் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

இன்னொரு சம்பவம், 2009 நவம்பரில், கர்நாடகத்தில் கைகா அணு நிலையத்தில் நடந்தது. ஊழியர்கள் குடிக்கும் குளிர்நீர்த் தொட்டியில் டிரிட்டியம் என்ற கதிர்ப்பொருள் கலந்த கனநீர் சேர்ந்திருந்தது. வேண்டுமென்றே யாரோ செய்த விஷமம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பலர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டார்கள். டிரிட்டியத்தின் கதிர் மிகவும் பலவீனமானது, தோலைக்கூடத் தாண்டாது. வயிற்றுக்குள் போனால் பேட்ஜுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர்ப் பானையில் கதிர் இருக்கும் என்று எந்தக் கம்ப்யூட்டர் கனவு கண்டது? கண்டுபிடித்தது எது? ஊழியர்களிடம் வழக்கமாக எடுக்கும் சிறுநீர்ச் சோதனை!

2010 ஏப்ரலில் டில்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைகளில் நடந்தது இன்னும் பரிதாபம். டில்லி சர்வகலாசாலையில் 1985 முதல் உபயோகம் இல்லாமல் கிடந்த ஒரு யந்திரத்தை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். அதற்குள் கோபால்ட் என்ற கதிர்ப்பொருள் இருந்தது. அதை உடைத்த ஏழைத் தொழிலாளிகளுக்கு, தாங்கள் தொடுவது இன்னது என்றே தெரியாது. பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஒருவர் இறந்துபோனார். பொருளே ஏட்டிலிருந்து தவறிவிட்டால், எந்தக் கணக்கும் மனிதனைக் காக்காது.

இரண்டு கணக்கும் ஒத்துப் பார்க்க வேண்டும்

ஆகவே, பேட்ஜா கம்ப்யூட்டரா என்று கேட்பதே தவறு. இரண்டும் வேண்டும்.

வியாபாரிகள் இதை நன்றாக அறிவார்கள். சரக்குக்கு ஓர் ஏடு. பணத்துக்கு ஓர் ஏடு. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிசகு இருக்கிறது என்று தேடுவார்கள். கதிர்க் கணக்கும் அப்படி இருக்க வேண்டும். பேட்ஜ் 1 என்கிறது. கம்ப்யூட்டர் 10 என்கிறது. அப்படியானால் பேட்ஜ் இழுப்பறையில் கிடந்திருக்கலாம், அல்லது ஈயத்தால் மூடியிருக்கலாம். கம்ப்யூட்டர் 1 என்கிறது. பேட்ஜ் 10 என்கிறது. அப்படியானால் யாருக்கும் தெரியாமல் எங்கோ கதிர் கசிகிறது! உடனே வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்றின் பொய்யை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

"கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி பேட்ஜ் செலவு மிச்சம், மானி செலவு மிச்சம்" என்று எந்த நிர்வாகமாவது நினைத்தால், அது சிக்கனம் ஆகாது. சாட்சியில் ஒருவரை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு வழக்கு நடத்துவதற்குச் சமம்.

இன்னொரு விஷயம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மனிதன் 176 சென்டிமீட்டர் உயரம், 73 கிலோ என்று பார்த்தோம். நம் ஊர்த் தொழிலாளிகள் எத்தனை பேர் அந்த அளவில் இருக்கிறார்கள்? மெலிந்த உடம்பில் உள்ளுறுப்புகளுக்கு மேலே சதை மூடல் குறைவு. கதிர் எளிதில் எட்டும். இந்தியர்களின் உடலளவுகளைத் திரட்டி "மாதிரி இந்திய மனிதன்" எப்படி இருப்பான் என்று நம் விஞ்ஞானிகள் 1990-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். நம் நாட்டில் கணக்குப் போடும்போது நம் உடம்புக்குத்தான் போட வேண்டும். தையல்காரர்கூட ஆளை அளந்துதானே சட்டை தைக்கிறார்!

காமிரா விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கதிரைக் கணக்கிட வைத்த காமிரா, "யார் எத்தனை நிமிஷம் சும்மா நின்றான்" என்று வேவு பார்க்கும் காமிராவாக மாறக் கூடாது. மாறினால் தொழிலாளி அதற்கு மறைந்து நிற்கத்தான் பார்ப்பார். அப்புறம் கணக்கு எப்படிச் சரியாக வரும்? காமிராவில் பதிவானது கதிர்க் கணக்குக்கு மட்டுமே என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

கணக்கு யார் கையில்?

எல்லாவற்றுக்கும் மேலான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கு யாருடையது?

நிர்வாகத்தின் அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. உடம்பு தொழிலாளியுடையது, கணக்கும் அவருடையதுதான். மளிகைக் கடையில் சொற்பச் சாமான் வாங்கினாலும் சீட்டுக் கேட்டு வாங்குகிறோம். பாங்கியில் பணம் போட்டால் புஸ்தகத்தில் பதிந்து கொடுக்கிறார்கள். உடம்பில் பட்ட கதிருக்குச் சீட்டு வேண்டாமா?

இந்த மாதம் பேட்ஜ் சொன்னது இவ்வளவு, கம்ப்யூட்டர் சொன்னது இவ்வளவு, இந்த வருஷம் இதுவரை இவ்வளவு, வரம்பு இவ்வளவு. நாலு வரி போதும். அதைத் தமிழில், அவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கு மட்டும் அல்ல, காண்டிராக்ட் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும். அவர்தான் இன்று ஒரு காண்டிராக்டரிடமும், நாளை இன்னொருவரிடமும் போகிறவர். அவர் போகும் இடமெல்லாம் அவர் கணக்கும் கூடவே போக வேண்டும்.

அத்துடன், வரம்பு நெருங்கிவிட்டது என்று உண்மையைச் சொன்ன தொழிலாளிக்குக் கூலி நிற்கக் கூடாது. கதிர் இல்லாத வேறு வேலை கொடுக்க வேண்டும். உண்மை சொன்னால் அடுப்பு அணையும் என்றால், ஈயத் தகடு தேடத்தான் மனம் போகும். புகுஷிமா காட்டிய பாடம் அதுதான்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் மகனோ, மகளோ, தம்பியோ இப்படிப்பட்ட வேலையில் இருந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "பேட்ஜ் குத்திக்கொண்டு போகிறாயா? போன மாதம் எவ்வளவு வந்தது?" என்றும் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் அதை மேலதிகாரியிடம் உடனே சொல்லிவிட வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வரம்பு மிகமிகக் குறைவு. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் கோடி தடவை தாயம் உருட்டட்டும். அது விளையாட்டு யந்திரத்துக்கு. தொழிலாளியின் உடம்பை வைத்து யாரும் தாயம் உருட்டக் கூடாது. அதற்கு வேண்டியது இரண்டு ஒழுங்கான கணக்கும், அதைத் தொழிலாளியிடம் மறைக்காமல் காட்டும் நேர்மையும்தான்.